துரத்தும் நாய், தடுமாறும் வண்டி: அறிகுறி பார்த்து வழி காண்பது

மதுரையில் விடியற்காலை நான்கு மணிக்கு இரு சக்கர வண்டியில் போகிறவர்கள் பெரும்பாலும் மூன்று கூட்டம்தான்: மல்லிகை எடுக்கப் போகிறவர்கள், பால் கேன் கட்டியவர்கள், பேப்பர் கட்டு எடுக்கப் போகிற எங்களைப் போன்றவர்கள். இரவு இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்களையும் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே புகார்: ‘நாய் துரத்துகிறது.’ டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்வதற்கு ஒப்பானது இது. எந்த இடம், என்ன நேரம், எத்தனை நாய், குரைத்துக்கொண்டா குரைக்காமலா, எவ்வளவு தூரம், வண்டியில் எதைக் குறிவைத்து என்று கேட்டால்தான் மருந்து சொல்ல முடியும். பேப்பர் போடும் பையன்களைப் பல ஆண்டுகளாகத் தெருத்தெருவாக அனுப்பிக்கொண்டிருப்பதால் இந்தக் கேள்விகள் எனக்குப் பழக்கமாகிவிட்டன. ஒவ்வொரு அறிகுறிக்கும் என்ன செய்யலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவுக்குப் பொருந்துவதை மட்டும் படித்தாலும் போதும். ஆனால் முதல் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

எந்த நாயாக இருந்தாலும், முதல் சில நொடிகள்

நான் பார்த்தவரையில் நாய் துரத்தியவர்களில் கடிபட்டவர்கள் குறைவு, கீழே விழுந்தவர்கள் அதிகம். முழங்கை உரிந்து, கண்ணாடி உடைந்து, பால் கேன் உருண்டு கிடக்கும். நாயோ பத்தடி தள்ளி நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே நாயைச் சமாளிப்பதற்கு முன்னால் வண்டியை விழாமல் வைத்துக்கொள்ள வேண்டும்.

நாய் பாய்ந்ததும் கை தானாக ஆக்ஸிலேட்டரை முறுக்கும். அதை அடக்குங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்குப் பதினோரு மீட்டர். நம் ஊர்ச் சந்துகளில் அந்தப் பதினோரு மீட்டருக்குள் ஒரு வேகத்தடையோ, மேலெழும்பிய பாதாளச் சாக்கடை மூடியோ, வீடு கட்டுகிறவர் கொட்டிவைத்த மணலோ கட்டாயம் இருக்கும். உங்கள் கண்ணோ நாயின் மேல் இருக்கும். பெரும்பாலான விபத்துகள் இப்படித்தான் நடக்கின்றன.

கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கே போகும். நாயைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் நாயின் மேலேயே ஏற்றுவீர்கள். பார்வை சாலையின் தொலைவில் இருக்கட்டும். முழங்கைகள் தளர்வாக இருக்கட்டும். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரத்தின் சிறு உதறல்கூட உடம்பு முழுவதற்கும் வந்துவிடும்.

நாயைத் தொலைவிலேயே பார்த்துவிட்டீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. ஓடிவரும் நாய் நீங்கள் இப்போது இருக்கும் இடத்தை நோக்கி ஓடுவதில்லை; இன்னும் சற்று நேரத்தில் நீங்கள் வந்து சேரப்போகும் இடத்தை நோக்கி ஓடுகிறது. அதன் கணக்கு உங்கள் வேகத்தை நம்பி இருக்கிறது. ஆகவே முதலில் வேகத்தைக் குறைத்து ஒரு கியர் இறக்குங்கள். நாய் முன்கூட்டியே சாலைக்கு வந்து சேர்ந்து, கணக்குத் தப்பி, திரும்ப முயலும். அந்த நேரத்தில் நிதானமாக வேகம் எடுத்துத் தாண்டிவிடலாம். அழகர்கோவில் சாலை, மேலூர்ப் பக்கத்துச் சாலைகள் போன்று பார்வைக்குத் தடையில்லாத இடங்களில் இது நன்றாகப் பலிக்கும். சந்துக்குள் இந்த வித்தைக்கு இடமில்லை. அங்கே மெதுவாக நேராகப் போவதும், தேவைப்பட்டால் நின்றுவிடுவதும்தான் வழி.

நிற்பதா என்று பலருக்குத் தயக்கம். ஆனால் துரத்தும் நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓடுகிற சக்கரம்தான் தூண்டுதல். சக்கரம் நின்றதும் அதற்கு என்ன செய்வதென்று தெரியாமல் போய்விடுகிறது. இரண்டு காலையும் ஊன்றி நில்லுங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். ‘போ’ என்று தாழ்ந்த குரலில், அதட்டலாக ஒரு முறை சொல்லுங்கள். கீச்சுக் குரலில் கத்தினால் நாய் இன்னும் சூடாகும். அது கிட்டே வந்தால் வண்டிக்கு மறுபுறம் இறங்கி, வண்டியை இடையில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு முதல் கியரில் உறுமல் இல்லாமல் கிளம்பலாம்.

நிற்கக் கூடாத இடங்களும் உண்டு: பின்னால் லாரி வருகிற ரிங் ரோடு போன்ற சாலைகள், நள்ளிரவில் நான்கைந்து நாய் சேர்ந்து வரும்போது, நடையே கோணலாக இருக்கும் நாயின் எதிரில். பின்னிரண்டைப் பற்றியும் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

உதைக்காதீர்கள். உதைக்கக் கால் நீட்டும்போது உடம்பின் எடை ஒரு பக்கம் சாயும், வண்டியும் அந்தப் பக்கமே சாயும். நாய்க்கு எட்டாத கால் கடிக்கும் எட்டாது. நீட்டிய காலை நீங்களே அதன் வாயருகே கொண்டுபோய்க் கொடுக்கிறீர்கள். இரண்டு காலையும் தூக்கி டேங்க் மேல் வைத்துக்கொள்ளும் சர்க்கஸும் வேண்டாம். பின் பிரேக் கால்மிதிக்கு அருகில்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோதல் தவிர்க்கவே முடியாது என்று தெரிந்துவிட்டால் ஹேண்டிலை வளைக்காதீர்கள். மோதுவதற்கு முன்பே நேர்கோட்டில் எவ்வளவு பிரேக் பிடிக்க முடியுமோ பிடித்துவிட்டு, மோதும் நேரத்தில் முன் பிரேக்கை விட்டுவிடுங்கள். பூட்டிய முன் சக்கரம் எதன் மேல் ஏறினாலும் வண்டி கவிழும். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ‘பக்கத்துத் தெருவரைக்கும்தானே’ என்று கிளம்புகிற அந்தப் பக்கத்துத் தெருவில்தான் நாய் இருக்கிறது.

அறிகுறி: தினமும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது

இது எல்லைக் காவல். நோயுமில்லை, வன்மமுமில்லை. பகலில் அந்தத் தெருவில் நின்று பத்து நிமிடம் பார்த்தால் விளங்கிவிடும். தெரு முக்கில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்தை மோந்து பார்த்து ஒரு நாய் காலைத் தூக்கும். சிறிது தூரம் தள்ளி ஒரு மணல் குவியலிலோ தண்ணீர்த் தொட்டியின் மூலையிலோ இன்னொரு முறை. அந்த இரண்டு இடங்களுக்கு இடைப்பட்டதுதான் அதன் ஆட்சி. இரவில் உங்களைத் துரத்தி வரும்போது அதே மணல் குவியல் அருகே வந்ததும் பிரேக் பிடித்ததுபோல் நின்று, இரண்டு முறை குரைத்துவிட்டுத் திரும்பும். வெற்றி அதற்கு; ஏனென்றால் நீங்கள் ஓடிவிட்டீர்கள். நாளைக்கும் அது துரத்தும், இதே காரணத்துக்காக. துரத்தியதும் வண்டி ஓடுகிறது என்பதை அது ஒவ்வொரு நாளும் கற்றுக்கொள்கிறது. வேகமாகத் தப்பிப்பவர்கள் தெருவுக்கே பாடம் நடத்திவிட்டுப் போகிறார்கள் என்று பையன்களிடம் சொல்வேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: இந்த எல்லைகள் வேகத்தடையை ஒட்டி அமைந்திருப்பது உண்டு. வண்டி தடையில் தணிந்து, ஏறி இறங்கி, மறுபடி உறுமி வேகமெடுக்கும். அந்த உறுமல்தான் நாயை எழுப்புகிறது. ஆகவே தடையைத் தாண்டியதும் முறுக்காதீர்கள். அதே வேகத்தில் எல்லை முடியும்வரை போங்கள்.

நிரந்தரத் தீர்வு பகல் வேலைதான். அந்தத் தெரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு, நாய் வந்து டயரையும் செருப்பையும் மோந்து பார்க்க விடுங்கள். தொடவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம். அடுத்தடுத்து இதைச் செய்தால் உங்கள் வண்டியின் சத்தமும் வாசனையும் அதன் பட்டியலில் ‘தெரிந்தவர்’ என்று ஏறிவிடும். தெருவாசிகளின் வண்டிகளை அதே நாய் கண்டுகொள்ளாமல் படுத்திருப்பது இதனால்தான். பிஸ்கட் போடலாமா என்று கேட்பார்கள். நிறுத்திய வண்டியிலிருந்து இறங்கி ஒன்றிரண்டு போடுவதில் தவறில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து எறிவதுதான் தவறு. சில நாளில் வண்டியைக் கண்டாலே சோறு என்று ஓடிவரும், வண்டி உங்களுடையதுதானா என்று பார்க்காது.

அறிகுறி: எல்லா வண்டியையும் விட்டுவிட்டு என் வண்டியை மட்டும்

இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள், ஆனால் உண்மைதான். சோதனை எளிது. ஒரு நாள் வேறொருவர் வண்டியில் அதே நேரத்தில் போங்கள். துரத்தவில்லை என்றால் கோளாறு உங்கள் வண்டியில். துரத்தினால் உங்கள் உடையையும் ஹெல்மெட்டையும் சந்தேகியுங்கள்; மழைக்கோட்டு படபடத்தாலே ஆகாத நாய்கள் உண்டு.

வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது சத்தம். மனிதக் காதுக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை. நாய்க்கு 45,000 வரை எட்டும் என்கிறார்கள். தொங்கும் செயின் கவர், காய்ந்த செயின், தேய்ந்த பிரேக் ஷூ எழுப்பும் கீச்சொலி நமக்குக் காதில் விழாமலே அதைக் குத்தும். மாற்றிய சைலன்சரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, அந்தத் தெரு மனிதர்களே சொல்லியிருப்பார்கள். செயினுக்கு எண்ணெய் போட்டு, தளர்ந்தவற்றை முடுக்கிவிட்டுப் பாருங்கள். நேர்மாறான கதையும் இப்போது உண்டு. மின்சார ஸ்கூட்டர் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்துவிடுவதால் தூங்கும் நாய் திடுக்கிட்டு எழுந்து பாய்கிறது. அவர்கள் தொலைவிலேயே ஒரு சிறு ஹாரன் கொடுப்பது நல்லது.

அடுத்தது டயர். இரவில் வண்டியைத் தெருவில் நிறுத்துகிறீர்களா? உங்கள் தெரு நாய் அதில் கையெழுத்துப் போட்டிருக்கும். அதைச் சுமந்துகொண்டு பக்கத்துப் பேட்டைக்குள் நுழைந்தால், எதிரி எல்லைக்குள் வந்ததாகத்தான் அங்கே இருக்கும் நாய் எடுத்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரில் இரண்டு சக்கரங்களையும் நன்றாகத் தேய்த்துக் கழுவி, இரவில் வாசலுக்கு உள்ளே நிறுத்துங்கள். கறிக்கடையிலிருந்து பை தொங்கவிட்டு வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு விளக்கம் வேண்டாம். பையை ஹேண்டிலில் மாட்டாமல் இருக்கைக்கு அடியில் வையுங்கள்.

மூன்றாவது காரணத்துக்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. எப்போதோ உங்கள் வண்டி மாதிரியே ஒன்று அந்த நாயை இடித்திருக்கும். நொண்டுகிற நாய் ஒரு குறிப்பிட்ட வகை வண்டியைக் கண்டால் மட்டும் எழுந்து வருகிறது என்றால் அதுதான். அங்கே மேலே சொன்ன பகல் பழக்கம் ஒன்றுதான் உதவும், அதுவும் மெதுவாக.

அறிகுறி: பகலில் சாது, இரவு பதினொன்றுக்கு மேல் படை

தூங்கா நகரம் என்ற பெயருக்கு நாம் கொடுக்கும் விலை இது. பரோட்டாக் கடை அடுப்பு அணையும் நேரத்தில் கடைக்குப் பின்சந்தைப் பாருங்கள். பையன் கல்லைச் சுரண்டித் தண்ணீர் விட்டுக் கழுவுகிறான்; சால்னா கலந்த தண்ணீர் சாக்கடைக்கு ஓடுகிறது; எலும்பு நிறைந்த இலைகள் ஒரு டிரம்மில். அதைச் சுற்றி ஏழெட்டு நாய்கள், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு, சத்தமே இல்லாமல் காத்திருக்கின்றன. பகலில் தனித்தனித் தெருக்களில் வாலாட்டிக்கொண்டு திரிந்தவைதான் எல்லாம். அவற்றுக்கு இடையே ஏற்கெனவே முறுக்கு ஏறியிருக்கிறது. அந்த நேரத்தில் அந்தச் சந்து வழியாக ஒரு வண்டி போனால், முதல் நாய் குரைப்பது உங்களைப் பார்த்து. மற்றவை ஓடிவருவது முதல் நாயைப் பார்த்து.

இந்தப் படையை நின்று சமாளிக்க முயலாதீர்கள். முன்னால் நிற்பவை தயங்கும், பின்னால் வருபவை தயங்காது. வேகத்தைக் கூட்டாமல் சீராக நகர்ந்துகொண்டே இருங்கள். முதல் தெருவைத் தாண்டியதும் பெரும்பாலும் கலைந்துவிடும். முகப்பு விளக்கைத் தாழ்த்தியே வையுங்கள். ஒளியைக் கண்ணில் அடித்து விரட்டலாம் என்பது சிலர் யோசனை. கண் கூசிய நாய் எந்தப் பக்கம் பாயும் என்று அதற்கே தெரியாது, முன் சக்கரத்துக்கு அடியில்கூடப் பாயும்.

என் பரிந்துரை வழியை மாற்றுவதுதான். கடைச் சந்தை விட்டு வெளிச்சமுள்ள பெரிய தெரு வழியாகப் போனால் கூடுதலாக இரண்டு நிமிடம் ஆகலாம். கடைக்காரரிடம் பேசுவதும் பலன் தரும், கேட்கிற விதத்தில் கேட்டால். ‘அண்ணே, டிரம்முக்கு ஒரு மூடி போட்டு குப்பை வண்டி வரும்வரை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் கடைக்கு வருகிற ஆள்தான் நாய்க்குப் பயந்து வேறு கடைக்குப் போகிறான்’ என்று சொன்னால் மறுக்கிற கடைக்காரர் குறைவு. நாயைப் பற்றிப் பேசினால் காது கேட்காது, வியாபாரத்தைப் பற்றிப் பேசினால் கேட்கும்.

அறிகுறி: நேற்றுவரை இல்லை, திடீரென்று ஒரே ஒரு நாய், மிக மூர்க்கமாக

பெட்டை நாயா என்று பாருங்கள். மடி தொங்கினால் சந்தேகமே வேண்டாம், அருகில் குட்டி இருக்கிறது. நிறுத்திவைத்த காருக்கு அடியில், பாலத்துக் குழாயில், கட்டிமுடிக்காத வீட்டில் தேடினால் தெரியும், ஆனால் தேடாதீர்கள். இது துரத்துவதோடு நிற்காமல் கடிக்கவும் கூடிய வகை. ஆறுதல் என்னவென்றால் இதற்குக் காலாவதி தேதி உண்டு. குட்டிகள் பால் மறந்து தானே திரியத் தொடங்க ஏறத்தாழ இரண்டு மாதம். அதுவரை வேறு வழியில் போங்கள். வேறு வழியே இல்லாத தெரு என்றால் இறங்கி, எஞ்சினை அணைத்து, அது படுத்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். குட்டிகளை எடுத்து வேறு தெருவில் விட்டுவிடலாம் என்று கிளம்பும் வீரர்கள் அந்தத் தெருவுக்குப் பெரும் உபகாரம் செய்துவிட்டுப் போவார்கள்: தாய் நாய் வாரக்கணக்கில் யாரையும் நடக்க விடாது.

அறிகுறி: கூட்டமாக ஓடிவருகின்றன, ஆனால் என்னைப் பார்க்கவே இல்லை

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை இது சகஜம். ஒரு பெட்டையின் பின்னால் ஐந்தாறு கடுவன்கள் ஓடும், தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு சாலைக்குள் உருளும். உங்களைத் துரத்தும் எண்ணமே அவற்றுக்கு இல்லை. ஆனால் உங்கள் முன் சக்கரம் அவற்றின் வழியில் இருக்கிறது. மார்கழியில் அதிகாலைப் பனியும் இருட்டும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாய் சாலையைக் கடந்தால் இன்னும் நான்கு பின்னால் வருகின்றன என்று வைத்துக்கொண்டு, கடைசி நாயும் கடக்கும்வரை நில்லுங்கள். வேறு வைத்தியம் கிடையாது.

அறிகுறி: குரைக்கவே இல்லை, பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது

இது நகரத்துக்கு வெளியே உள்ள விவகாரம். குரைக்கிற நாய் எச்சரிக்கிறது. குரைக்காமல் தலையைத் தாழ்த்தி, காதைப் பின்னுக்கு மடித்து ஓடிவருவது வேட்டை நடை. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் நாட்டு நாய் வளர்ப்பவர்கள் நிறைய. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை. நீண்ட கால், குறுகிய இடுப்பு, ஆழ்ந்த மார்பு. ஓடுகிற எதையும் கண்டால் அவற்றுக்குக் கால் நிற்காது. வேகத்தில் இவற்றைத் தோற்கடிக்க எண்ணாதீர்கள், வரப்போர மண் பாதையில் உங்கள் வண்டியைவிட அவை வேகம். இங்கே நிற்பதுதான் சரியான மருந்து. நின்ற முயலில் வேட்டை நாய்க்கு ருசி இல்லை. நின்று, தோட்டத்துப் பம்புசெட் பக்கம் பார்த்து, ‘ஐயா, நாயைக் கூப்பிடுங்கள்’ என்று குரல் கொடுங்கள். வளர்த்தவரின் ஒரு விசிலுக்குத் திரும்பிவிடும்.

ஆட்டுக்கிடையைக் காக்கும் நாய் வேறு இனம், அதாவது குணத்தில். அறுவடை முடிந்த வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருக்கும் மாதங்களில் மேலூர்ப் பக்கம் கால்வாய்க் கரைப் பாதையில் இரவில் போனால் இவற்றைச் சந்திக்கலாம். இவற்றுக்கு உங்கள் மேல் ஆசையில்லை, ஆட்டின் மேல்தான் அக்கறை. நீங்கள் கிடையை நெருங்க நெருங்கச் சீறும், விலக விலக அடங்கும். ஹாரன் அடித்தால் ஆடு மிரளும். ஆடு மிரண்டால் நாயோடு ஆடு மேய்க்கும் கீதாரியும் கம்போடு எழுந்து வருவார். விளக்கைத் தாழ்த்தி, மெல்ல, பாதையின் மறு ஓரமாகப் போய்விடுங்கள்.

அறிகுறி: ஓட்டுகிறவரை விட்டுவிட்டுப் பின்னால் இருப்பவரின் காலை

ஒரு பக்கமாக உட்காரும் பெண்களுக்கு இரண்டு காலும் இடப் பக்கம். தெருவின் இட ஓரத்திலிருந்து பாயும் நாய்க்கு நேர் எதிரில், காற்றில் ஆடும் சேலைக் கரையோடு. ஆடுகிற துணி நாய்க்கு வா என்று சொல்கிற மாதிரி. முந்தானையையும் துப்பட்டாவையும் இடுப்பில் செருகிக்கொள்வது சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்கும் நல்லது, நாய்க்கும் நல்லது. இயன்றால் இருபுறமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். நாய் வரும்போது பின்னால் இருப்பவர் செய்ய வேண்டியது ஓட்டுகிறவரின் இடுப்பைப் பிடித்து அசையாமல் இருப்பது மட்டுமே. கத்தி, துள்ளி, காலை மடக்கினால் வண்டி ஆடும். இதை நாய் இல்லாத நேரத்தில் வீட்டில் சொல்லிவையுங்கள். நாய் வந்த பிறகு சொன்னால், ‘நீங்கள் முதலில் ஒழுங்காக ஓட்டுங்கள்’ என்றுதான் பதில் வரும்.

அறிகுறி: வளர்ப்பு நாய், கேட் எப்போதும் திறந்திருக்கிறது

நாயிடம் பேச ஒன்றுமில்லை, வீட்டுக்காரரிடம்தான். சண்டைக்குப் போகாமல், நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்: ‘அக்கா, நான் நாலரை மணிக்குப் பூ எடுக்கப் போகிறேன். அந்த நேரத்துக்கு மட்டும் சங்கிலியில் போட்டுவிடுங்கள்.’ ‘எங்கள் நாய் ஒன்றும் செய்யாது’ என்று பதில் வந்தால், ஒன்றும் செய்யாது என்பதை அவருடைய வீட்டு வாசலிலேயே நின்று அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையாதவருக்கு, வளர்க்கும் விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு என்பதை நினைவூட்டலாம். நினைவூட்டினாலே பெரும்பாலும் கேட் சாத்தப்பட்டுவிடும்.

அறிகுறி: துரத்தவில்லை, நடையே சரியில்லை

எச்சில் ஒழுக, தாடை தொங்க, தள்ளாடி, குறிக்கோள் இல்லாமல் போய்க்கொண்டே, எதிர்ப்பட்ட கல்லையும் கம்பத்தையும் கடிக்கிற நாயைக் கண்டால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. நிற்காதீர்கள், பழகாதீர்கள், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள். தெருவில் விளையாடும் குழந்தைகளை உள்ளே அனுப்பச் சொல்லிவிட்டு உடனே மாநகராட்சிக்கோ ஊராட்சிக்கோ தகவல் கொடுங்கள்.

பல் பட்டுவிட்டது என்றால்

இங்கே நிதானம் கூடாது. கெண்டைக்காலில் தோல் கீறி ஒரு பொட்டு ரத்தம் தெரிந்தாலும், ரத்தமே வராமல் பல் உரசிய கோடு மட்டும் இருந்தாலும், அது கடிதான். பேன்ட்டின் மேல்தான் கடித்தது என்று துணியைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள்.

அருகில் இருக்கும் குழாயடியில் உட்கார்ந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம். இரண்டு நிமிடம் கழுவியதும் போதும் என்று தோன்றும், போதாது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். கட்டுப் போடாதீர்கள். பச்சிலை கட்டுகிறவரிடமோ மந்திரிக்கிறவரிடமோ முதலில் போய்விட்டு அப்புறம் ஆஸ்பத்திரி என்ற வரிசை வேண்டாம். வெறிநாய்க்கடி நோய் அறிகுறி காட்டத் தொடங்கிவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். அதற்கு முன்னால் ஊசி போட்டுக்கொண்டால் தடுத்துவிடலாம்.

அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் கடிபட்ட நாளைப் பூஜ்யமாகக் கொண்டு 0, 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. ரத்தம் வந்த காயமாக இருந்தால் காயத்தைச் சுற்றியே இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் செலுத்த வேண்டியிருக்கும். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றிப் போடுவார்கள் என்று இன்றும் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழைய ஊசி வழக்கொழிந்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. முன்பே முழுத் தவணையும் போட்டவர் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், பொதுவாக இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். கடித்த நாய் அடுத்த பத்து நாள் உயிரோடு நலமாக இருக்கிறதா என்று தெருக்காரர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

விழுந்ததில் தலையில் அடி என்றால், கடியைவிட அதுதான் அவசரம்: 108.

எதைச் செய்தும் மாறவில்லை என்றால்

விஷம் வைக்கலாம் என்று யோசனை சொல்கிறவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. அதோடு நிற்காது. செத்த நாயின் இடம் காலியாக இருக்காது; சோறு கிடைக்கும் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து புது நாய் வரும், அதற்கு உங்கள் வண்டியைத் தெரியாது. பிடித்துக்கொண்டுபோய் வைகைக்கு அக்கரையில் விடுவதும் இதே கணக்குதான்.

சட்டப்படியான வழி கருத்தடை. 2023ஆம் ஆண்டு விலங்கு கருத்தடை விதிகளின்படி தெருநாய்களைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டியது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அப்படிச் செய்த நாய்க்குக் காதின் நுனியில் ஒரு வெட்டு இருக்கும். உங்கள் தெரு நாய்களின் காதுகளைப் பகலில் ஒரு முறை பாருங்கள். வெட்டு உள்ள நாய் குட்டி போடாது, இணை தேடும் மாதங்களில் சண்டைக்கும் குறைவாகவே போகும். ஆனால் எல்லைக் காவலை விட்டுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கருத்தடை செய்தும் துரத்துகிறதே என்று மாநகராட்சியைத் திட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்குள் திரியும் நாய்களுக்கு மட்டும் கணக்கு வேறு: அவற்றை அகற்றிக் காப்பகத்தில் வைக்க வேண்டும், அதே இடத்தில் திரும்ப விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் உத்தரவிட்டது.

புகார் கொடுக்கும்போது ‘எங்கள் ஏரியாவில் நாய்த் தொல்லை’ என்று எழுதினால் அது கோப்புக்குப் போகும். வார்டு எண், தெருப் பெயர், எந்த முக்கு, எத்தனை மணி, எத்தனை நாய், அவற்றில் காது வெட்டில்லாதவை எத்தனை, பெட்டை எத்தனை, யாராவது கடிபட்டார்களா என்று எழுதுங்கள்; பகலில் எடுத்த படத்தை இணையுங்கள். நாய் பிடிக்க வரும் ஊழியர்களுக்கு வேண்டியது இந்த விவரம்தான். அவர்கள் வருவது பெரும்பாலும் பகலில், உங்கள் நாய்களோ இரவில் கூடுகின்றன. பகலில் அவை எங்கே படுக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கலாம், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதியலாம். கிராமத்தில் என்றால் ஊராட்சி அலுவலகம். ஒரு மாதம் கழித்து அந்தப் புகார் எண்ணைச் சொல்லி மறுபடி கேளுங்கள். பெட்டைகள் அடுத்த பருவத்துக்கு முன்னால் பிடிபட வேண்டுமென்றால் புகார் ஆடி, ஆவணியிலேயே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.